கத்தரி செய்த வீடு

மருந்துக்கடையில் அவளுக்குக் கோபக்காரி என்றுதான் பெயர். மாத்திரைப் பட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, வெட்டி முடித்த பிறகு "முழுசாவே குடுத்துடுங்க" என்பவர்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத் தலைவலி இல்லாதவனுக்கும் தலைவலி வந்துவிடும். கடை முதலாளியே அவளிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்.

"அம்மா, வர்றவங்க ஏற்கெனவே உடம்பு முடியாம வர்றாங்க. கொஞ்சம் பார்த்துப் பேசும்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"உடம்புதானே சார் முடியலை? காது நல்லாத்தானே இருக்கு? நான் சொல்றதைக் கேட்டா என்ன?"

அதோடு விட்டுவிட்டார். கணக்கில் பிசகாதவள், மருந்து மாற்றிக் கொடுக்காதவள், கோபத்தை ஒரு பக்கவிளைவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

வீட்டில் அவளுக்குப் பெயர் கத்தரி. அது அப்பா வைத்தது. அவளுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா ஒருநாள் வேலையிலிருந்து வந்த வேகத்தில் அம்மாவைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிவிட்டார். காபி ஆறிப்போனதோ என்னவோ, காரணம் யாருக்கும் நினைவில்லை. இவள் அவருடைய புதுச்சட்டைக்குள் விறைப்பாக மடித்து வைத்திருந்த அட்டையை உருவி, கத்தரிக்கோலை எடுத்து உள்ளங்கை அளவுக்கு ஒரு நாற்காலி வெட்டி மடித்தாள். அதன் முதுகில் 'அம்மா, நீ உட்காரு. அவர் எடுத்துக் குடிக்கட்டும்' என்று எழுதி அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதை எடுத்துப் படித்தார். அடிக்கப் போகிறார் என்று அண்ணன் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். அப்பா நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு காலும் ஆடாமல் நின்றது. "வாயும் கத்தரி, கையும் கத்தரி" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு மனதில் ஏதாவது இருந்தால் அது அட்டையாகத்தான் வெளியே வரும். சந்தோஷமும் அப்படித்தான். கல்யாணமாகி, வேலைக்குப் போய், நரைமுடி எட்டிப் பார்க்கும் வயதாகியும் அது மாறவில்லை. கடையில் காலியாகும் மருந்துப் பெட்டிகள்தான் அவளுடைய சரக்கு. வெளிப்பக்கம் மருந்தின் பெயரும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். பிரித்துத் திருப்பினால் உள்பக்கம் பால்போல வெள்ளை. மாத்திரைப் பட்டையின் வெள்ளித்தாள் கண்ணாடிக்கு ஆகும், தண்ணீருக்கு ஆகும். மருந்துக்குப்பியின் ரப்பர் மூடி சக்கரத்துக்கு அச்சாகும். வாரத்தில் ஒருநாள் விடுமுறை; அன்று காலை சமையலறை ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வெயில் மேசையைவிட்டு இறங்கும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

முதலாளியின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, பிரித்தால் தொட்டில் ஆடும் அட்டை செய்தாள். கத்தரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கம்பெனியில் ஒரு மேஸ்திரி ஓய்வுபெற்றபோதும் ஒன்று செய்தாள். நூலை இழுத்தால் காகித லிஃப்ட் ஒன்று மாடி மாடியாக ஏறிப்போய் மொட்டைமாடியில் நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளே மேஸ்திரியே கால்மேல் கால்போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் அதை வேலைக்காலம் முழுக்கக் கிடைத்த ஒரே மரியாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிர்வீட்டுப் பெண் பரீட்சையில் தோற்று அறைக்குள்ளேயே கிடந்தபோது, அவள் கதவுக்கடியில் ஒரு அட்டையைத் தள்ளிவிட்டு வந்தாள். அதில் ஒரு பெரிய யானை சின்ன நாற்காலியில் உட்காரப் பார்த்து விழுந்துகிடந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. அன்று மாலை அந்தப் பெண் வெளியே வந்து சாப்பிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். டைல்ஸ் கடை வைத்திருந்தான். நன்றாக ஓடிய கடை. அவன் வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அப்பா போன பிறகு அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள்.

கத்தரிக்கு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் குடியிருப்பது மூன்றாவது மாடி, அம்மாவுக்கோ முழங்கால் இரண்டும் போயிருந்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. "செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோட நடக்கிற கதைதான் நம்மளது" என்று கணவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. கீழ்வீடு ஒன்று பார்க்கலாமா என்று ஆரம்பித்தபோது அண்ணன் பாய்ந்துவிட்டான். "நான் இருக்கும்போது அம்மா மாப்பிள்ளை வீட்டுல போய் இருக்கணுமா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" அந்த நாலு பேர் யார் என்று கத்தரி கேட்டாள். அவன் சொல்லவில்லை.

முதலில், முழங்கால் அவ்வளவு மோசமாவதற்கு முன், அண்ணன் வீட்டில் அம்மாவுக்கு மாடியில் நல்ல அறை. ஜன்னல், மின்விசிறி, அலமாரி எல்லாம் இருந்தது. ஒருநாள் போனால் அந்த அறையில் ஓடும் மெஷின் ஒன்று நிற்கிறது. நின்ற இடத்திலேயே நடப்பதற்கு வாங்குவார்களே, அது. அதன் கைப்பிடியில் அண்ணனுடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா எங்கே என்று தேடிப் போனால், கீழே, வீட்டுக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைத்திருந்த அறையில் ஒரு கட்டிலில் கிடக்கிறாள்.

"பாத்ரூம் பக்கத்துலேயே இருக்கில்ல, அம்மாவுக்கு வசதி" என்றான் அண்ணன்.

அறையில் ஜன்னல் இல்லை. சுவரின் மேற்பக்கம் காற்றுப் போக ஒரு ஓட்டை. கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பலாம். மெஷின் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருந்தது. வேகமாகச் சுற்றும்போது தரை அதிர்ந்து, கட்டில் அதிர்ந்து, அம்மாவின் கன்னம்கூட அதிர்ந்தது.

"எப்படிம்மா இதுல தூங்குறே?"

"பழகிருச்சுடி. யாரோ தொட்டில ஆட்டுற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

கத்தரி நேரே ஹாலுக்குப் போய் அண்ணனிடம் சண்டை போட்டாள். அண்ணி சமையலறை வாசலில் வாயைத் திறக்காமல் நின்றாள். அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரமும் போனாள், அடுத்த வாரமும் சண்டை. பிறகு அண்ணன் அவள் வரும் நாளில் கடையிலேயே இருந்துவிட ஆரம்பித்தான். அந்த அறையில், அந்தக் கட்டிலில்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வருஷம் திரும்பவில்லை. ஒரு மாலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம், அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"கத்தரி, எங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள் வருது தெரியுமில்ல? ஹால் புக் பண்ணிட்டேன். கடை ஆளுங்க, கம்பெனிக்காரங்க எல்லாரும் வர்றாங்க. நீ ஒண்ணு பண்ணணும்."

"என்ன பண்ணணும்?"

"பெருசா ஒரு அட்டை. திறந்தா எங்க வீடு அப்படியே எழுந்து நிக்கணும். உனக்குத்தான் அதெல்லாம் கைவந்த கலையாச்சே. நடுவுல ஹால், சோபா. சோபாவுல அம்மா. நானும் அண்ணியும் ரெண்டு பக்கமும். நான் மைக்ல பேசிட்டுத் திறப்பேன். பார்க்கிறவன் கண்ணு கலங்கணும், என்ன?"

கத்தரியின் கையில் யாருடைய இருமல் மருந்தோ இருந்தது. அதை அவள் கவுன்டரில் வைத்த வைப்பில் வாங்க வந்தவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அம்மா சோபாவுலயா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. செஞ்சு கொண்டுவர்றேன்" என்றாள்.

அவளே பிறகு கணவரிடம் சொன்னதுபோல, ஒப்புக்கொண்டபோது மனதில் எந்தத் திட்டமும் கிடையாது. கல்யாண நாள், கேட்டுவிட்டான், அம்மாவின் முகத்தையும் ஒருதரம் செய்து பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பெரிய மருந்துப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி அடித்தளம் செய்தாள். சுவர்கள் எழுந்தன. தரைக்கு வெள்ளித்தாளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஒட்டினாள். சோபா, டீப்பாய், தொலைக்காட்சி. மாடியில் ஓடும் மெஷின், அதன்மேல் நகம் அளவு சட்டை. அண்ணனைச் சோபாவில் சாய்ந்தவாக்கில் வைத்தாள். அண்ணியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். அண்ணிக்கு ஜோடனைப் பைத்தியம் உண்டு என்று அவளுக்கு எப்போதும் ஒரு எண்ணம். கடைசியாக அம்மா. நரைத்த தலைக்குப் பஞ்சு, கூன் விழுந்த முதுகுக்கு ஒரு மடிப்பு, முழங்காலுக்கு ஒரு மடிப்பு. விரல் நீளமே இருந்த அந்த அம்மா நிஜ அம்மாவைப்போலவே வந்துவிட்டாள்.

பசையைத் தடவி அவளைச் சோபாவில் உட்காரவைத்தாள். கையை எடுத்தாள். பார்த்தாள். பசை காய்வதற்குள் பிய்த்து எடுத்துவிட்டாள்.

"பொய்" என்றாள் சத்தமாக. "சுத்தப் பொய்."

பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "யாரைத் திட்டுறே?"

"அந்தச் சோபாவுல எங்கம்மா என்னைக்கு உட்கார்ந்தா? கறை படும்னு அவன் ஒரு துணி விரிச்சு வெச்சிருந்தான், அந்தத் துணிமேலகூட உட்கார விடலை. நான் எங்கையால அவளைத் தூக்கி அங்க வெச்சு, ஊரைக் கூட்டி அவன் கண்ணைத் துடைச்சுக்கணுமா?"

வீட்டின் பின்சுவரைக் கத்தியால் கீறித் திறந்தாள். அங்கே ஒரு சின்ன அறையைச் சேர்த்தாள். ஜன்னல் வைக்கவில்லை. மருந்துப் பெட்டியை மடித்து ஒரு வாஷிங் மெஷின், அதன் வயிற்றில் ரப்பர் மூடியை அச்சாக வைத்து ஒரு வட்டம், வட்டத்திலிருந்து மெல்லிய காகிதத் துண்டு ஒன்று கட்டிலின் காலுக்கு. கட்டிலில் அம்மாவைப் படுக்கவைத்தாள். அட்டையின் ஓரத்தில் நாக்குப்போல ஒரு துண்டை வெளியே நீட்டிவிட்டு அதில் 'இழு' என்று எழுதினாள். இழுத்துப் பார்த்தாள். வட்டம் சுற்றியது. கட்டில் அதிர்ந்தது. அம்மா அதிர்ந்தாள்.

கணவர் வந்து நின்று பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. "இதை நீ கொடுத்தா உங்க அண்ணன் உறவு அதோட சரி" என்றார்.

"இப்ப மட்டும் என்ன வாழுது?"

விழா நாளில் ஹால் நிறைந்திருந்தது. பூ அலங்காரம், பெரிய கேக், போட்டோ பிடிக்க இரண்டு பேர். அண்ணன் கோட்டு போட்டிருந்தான். அண்ணி பட்டில் ஜொலித்தாள். ஆனால் நின்றபடியே கண்ணயர்ந்துவிடுகிறவள் மாதிரி இருந்தாள். அண்ணன் மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னைக்கு இங்க இல்லாதது ஒரே ஆள்தான். எங்கம்மா. கடைசி மூச்சு வரைக்கும் எங்கம்மாவை நான் வெச்சுப் பார்த்தேன். அந்தப் புண்ணியந்தான் இந்தக் கடையும் இந்த வாழ்க்கையும். என் தங்கச்சி தன் கையால ஒரு பரிசு செஞ்சு கொண்டுவந்திருக்கா. அதுல எங்கம்மா எங்க நடுவுல இருக்காங்க."

அட்டையைத் திறந்தான். வீடு எழுந்து நின்றது. முன்வரிசையில் "அடேயப்பா" என்று ஒரு சத்தம். யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற கம்பெனிக்காரரின் மனைவி குனிந்து பார்த்து, "சோபா, டிவி, ஐயோ எவ்வளவு நுணுக்கம்! ஆமா, அம்மாவைக் காணோமே?" என்றார். பார்த்துக்கொண்டே, "இதோ ஏதோ இழுன்னு போட்டிருக்கே" என்று அவரே இழுத்துவிட்டார்.

மெஷின் சுற்றியது. கட்டில் அதிர்ந்தது.

"இங்க இருக்காங்க பாருங்க" என்றார் அவர். அப்புறம் அந்த அம்மாளுக்கே ஏதோ புரிந்து குரல் தேய்ந்தது. "வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துலயா..."

மைக் அண்ணன் கையிலேயே இருந்தது. அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அண்ணன் ஒரு கணம்தான் திகைத்தான். வியாபாரி அல்லவா? சட்டென்று அட்டையை மூடிச் சிரித்தான். "எங்க கத்தரி சின்ன வயசுலருந்தே இப்படித்தான். கிண்டல்காரி!" என்றான். ஹால் சிரித்தது. நிம்மதியாகச் சிரித்தது.

அந்தச் சிரிப்பைத்தான் கத்தரியால் தாங்க முடியவில்லை. அவன் கத்தியிருந்தால், அட்டையைக் கிழித்திருந்தால்கூட அவள் பேசாமல் வந்திருப்பாள். அம்மாவின் கட்டிலை ஒரு தமாஷாக்கிவிட்டானே. விறுவிறுவென்று மேடைக்குப் போனாள்.

"கிண்டல் இல்லைண்ணா. அதான் அம்மா இருந்த இடம். நீ நடக்கிறதுக்கு மெஷின் வாங்கினே, அம்மா படுக்கிறதுக்கு மெஷின் ரூம் குடுத்தே. சட்டை காயப் போட்டிருக்கியே, அந்த ரூம்தான் அம்மாவோடது."

அண்ணன் மைக்கைக் கீழே இறக்கினான். பல்லிடுக்கில் பேசினான். "நீ மூணாவது மாடியில உட்கார்ந்து அட்டை வெட்டிக்கிட்டிருந்தே. நான்தான் வெச்சுப் பார்த்தேன்."

"வெச்சே. பார்க்கலை" என்றாள் கத்தரி.

இறங்கி நடந்தாள். கணவர் கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தார். வீட்டுப் படியேறும்போது, "செஞ்சது சரியா தப்பான்னு என்னைக் கேக்காதே. ஆனா அவ்வளவு நல்ல வேலைப்பாட்டை அந்த ஆள்கிட்டயே விட்டுட்டு வந்துட்டியே" என்றார். அவள் முதல்முறையாக அன்று லேசாகச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்புறம் போன்கள் வந்தன. செத்தவளை வைத்து நல்ல நாளைக் கெடுத்தாயே என்றாள் சித்தி. வீட்டு விஷயத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்றார் பெரியப்பா மகன். அம்மா உயிரோடிருந்தபோது இவர்கள் யாரும் அந்தப் பின்னறையை எட்டிப் பார்க்கவில்லை. கத்தரி எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்த ரூமோட கதவு எந்தப் பக்கம் திறக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" யாருக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிடுவாள்.

கோபம் மட்டும் தணியவில்லை. மேசையில் உட்கார்ந்தால் கத்தி கோணிக்கொண்டு போனது. முதலாளியின் பேரக்குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தபோது கைவிரித்துவிட்டாள். கடையில் சின்னப் பிசகுக்கும் சீறினாள். முதலாளி அவளுக்கு எதிரே போவதையே தவிர்த்தார்.

அப்படி இருந்த ஒரு விடுமுறை நாள் முற்பகலில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அண்ணி. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பில் பேச முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோளில் ஒரு துணிப்பை.

"தண்ணி குடு முதல்ல" என்றாள். "அப்புறம் சண்டை போடலாம்."

கத்தரி தண்ணீர் கொடுத்தாள். அண்ணி குடித்து முடித்து, பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். வீடு கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் எழுந்து நின்றது.

"நான் எங்க?" என்றாள் அண்ணி.

கத்தரி கண்ணாடியைக் காட்டினாள்.

"கண்ணாடி முன்னாடி. அப்படித்தானே? உங்கம்மா கிடந்த அத்தனை நாளும் நான் பவுடர் போட்டுக்கிட்டு நின்னேன்னு ஊருக்கே திறந்து காட்டினே. இல்லே?" அண்ணியின் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி கத்தரி கேட்டதே இல்லை. "அந்த மெஷின் ஏன் எந்நேரமும் ஓடிச்சுன்னு என்னைக்காவது யோசிச்சியா? எங்க துணிக்கா? உங்கம்மாவோட விரிப்புடி அது! காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நனைச்சு நனைச்சு வெப்பாங்க. நீ வர்ற நாள்ல நீ வர்றதுக்குள்ள அவங்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, வேற விரிப்புப் போட்டு வெப்பேன். நீ வந்து சுத்தமான விரிப்புல உட்கார்ந்துக்கிட்டு மெஷின் சத்தத்தைக் குறை சொல்லுவே."

கத்தரிக்குப் பதிலும் கோபமாகத்தான் வந்தது. "அப்ப அந்த ரூம்ல ஏன் போட்டீங்க?"

"நான்தான் மாத்தச் சொன்னேன். ஆமா, நான்தான். மாடியிலருந்து அவங்களைத் தூக்கிக்கிட்டுக் கீழ பாத்ரூமுக்கு வர என் இடுப்புக்குத் தெம்பு இல்லை. கீழ ஹாலுக்குப் பக்கத்து ரூமைக் கேட்டேன். உங்கண்ணன், வர்றவங்களுக்கு நாத்தம் அடிக்கும்னுட்டார். கடைசியில கிடைச்சது அதுதான். மாடி ரூம் காலியாச்சுன்னதும் அந்த ஓடுற மெஷினை வாங்கிப் போட்டார். ஒருநாள் நடந்தார்."

"அவன் அம்மாவைப் பார்க்கவே வரலையா?"

"வருவார். கதவுகிட்ட. மூக்குல கர்ச்சீப்பை வெச்சுக்கிட்டு, 'அம்மா, நல்லாயிருக்கியா?' அவங்க பதில் சொல்றதுக்குள்ள போயிடுவார்."

"இதையெல்லாம் அன்னைக்கே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நான் கத்தும்போதெல்லாம் சமையலறை வாசல்ல கல்லு மாதிரி நின்னீங்களே!"

"சொன்னா? நீ கத்திட்டு பஸ் ஏறிப் போயிடுவே. அப்புறம் அந்த வீட்டுல அவரோட இருக்க வேண்டியது யாரு?" அண்ணி மேசையைத் தட்டினாள். வீடு குலுங்கியது. "உனக்குக் கோபம் வந்தா வெட்டி ஒட்டிக் காட்ட அட்டை இருக்கு. எனக்கு என்ன இருந்தது சொல்லு? உன்மேலதான் எனக்கு ரொம்பக் கோபம். ஏன்னா, எல்லாரையும்விட நீதான் பக்கத்துல வந்து பார்த்தே. பார்த்தும் என்னைப் பார்க்கலை."

கத்தரிக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. ஆனால் அவளுக்கு அந்த வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. அவள் கத்தியை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

கண்ணாடி முன்னால் நின்ற உருவத்தின் காலடியில் கத்திமுனையை விட்டு நெம்பி எடுத்தாள். அது இரண்டாகக் கிழிந்தது. அதைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். ஒரு பெட்டியைப் பிரித்துப் புதிதாக வெட்ட ஆரம்பித்தாள். கொண்டை, தூக்கிச் செருகிய புடவை, முன்னால் குனிந்த இடுப்பு, இரண்டு கையிலும் ஒரு வாளி.

"நான் அவ்வளவு குண்டா?" என்றாள் அண்ணி.

"நிஜத்துல இன்னும் கொஞ்சம் குண்டு."

"உன் வாய் இருக்கே..."

"வாளியைத் தூக்கிக் காட்டுங்க. எந்தக் கையில பிடிப்பீங்க?"

அண்ணி எழுந்து இல்லாத வாளியைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்த நிமிர்தலைக் கத்தரி பார்த்தாள். ஒரு மடிப்பைக் கூடுதலாகச் சேர்த்தாள். உருவத்தைக் கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே, ஒரு ஆள் திரும்பும் இடத்தில், ஒட்டினாள். அதற்குள்ளும் இரண்டு தரம் சண்டை வந்தது. அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரை மாற்றியிருக்கலாம் என்று கத்தரி சொல்ல, வாரத்துக்கு ஒருநாள் வருகிறவர்கள் யோசனை சொல்வது சுலபம் என்று அண்ணி வெடிக்க, பசை ஒருதரம் கொட்டியது.

"அவரை என்ன பண்ணப் போறே?" என்று சோபாவைக் காட்டினாள் அண்ணி.

"எங்க வைக்கலாம்?"

"கதவுல" என்றாள் அண்ணி யோசிக்காமல். "உள்ள வேண்டாம். அவர் வந்ததில்லை."

கத்தரி அண்ணனைச் சோபாவிலிருந்து பெயர்த்து, அந்த அறையின் வாசலில், ஒரு கால் வெளியே இருக்க நிறுத்தினாள். வெள்ளைத்தாளில் ஒரு கர்ச்சீப்பும் வெட்டி மூக்கில் வைத்தாள். அண்ணி அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்ட, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று கத்தரிக்குத் தெரியவில்லை. முதுகில் கையை வைக்கலாமா என்று யோசித்து, வைத்தாள்.

அந்த அட்டையை அண்ணி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்தாள். அண்ணன் பார்த்தான். இதென்ன கண்றாவி, தூக்கிப் போடு என்றானாம். "நீங்களே தூக்கிப் போடுங்க" என்றாளாம் அண்ணி. அவன் கைவைக்கவில்லை. வருகிறவர்கள் கேட்டால் அண்ணி ஒன்றும் விளக்குவதில்லை. இழுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வாளாம். இதையெல்லாம் அவளே போனில் சொன்னாள். இப்போது இருவரும் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். பாதி நேரம் சண்டைதான். ஆனால் யாரும் போனை வைத்துவிட்டுப் போவதில்லை.

கத்தரி மறுபடி மேசைக்கு வந்தாள். முதலாளியின் பேரனுக்குத் தாமதமாக ஒரு ரயில் செய்து கொடுத்தாள், ஊதினால் ஓடியது. அண்ணியின் பிறந்தநாளுக்கு, பிரித்தால் ஒரு பெண் கட்டிலில் கால்நீட்டித் தூங்கும் அட்டை ஒன்று அனுப்பினாள். எழுப்பாதே என்று கதவில் ஒரு பலகை தொங்கியது. அண்ணனின் பிறந்தநாளும் வந்தது, போனது. அதற்கு அவள் ஒரு காகிதத்தைக்கூட மடிக்கவில்லை.

சில மாதம் கழித்து அவனே ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்தான். இந்தப் பக்கம் ஏதோ வேலை போலிருக்கிறது. அல்லது அவளைப் பார்க்கத்தான் வந்தானோ; மாத்திரைக்கு வேறு கடையா இல்லை? மெலிந்திருந்தான். டாக்டர் சீட்டைக் கவுன்டரில் வைத்தான். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அவள் சீட்டைப் படித்தாள், எடுத்துக் கொடுத்தாள்.

"காலையில சாப்பிட்ட பிறகு" என்றாள்.

"தெரியும்" என்றான்.

அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். அந்த அட்டையை ஒருதரமாவது இழுத்துப் பார்த்தானா, அந்தப் பின்னறைக்குள் இப்போதாவது கால் வைத்தானா, கேட்பதற்கு அவளிடமும் ஆயிரம் இருந்தது. அவன் வாயைத் திறந்து, "கத்தரி..." என்றான்.

"அடுத்து யாருங்க?" என்றாள் அவள், அவன் தோளுக்கு மேலே பார்த்து.

பின்னால் நின்ற பெரியவர் முன்னால் வந்தார். அண்ணன் ஒதுங்கி, படியிறங்கி, வெயிலில் நடந்து போனான். பெரியவர் ஒரு பட்டை மாத்திரை வாங்கி, வெட்டச் சொல்லி, வெட்டிய பிறகு முழுசாகவே கொடுங்கள் என்றார். கத்தரி அவரைப் பிடித்துக் கத்திய கத்தலில் முதலாளி உள்ளறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.